மடைவீட்டு மருமகள் சொன்ன கருத்து

கல்மடையூர்க் கண்மாய்க் கரையின் நடுவில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் வாய்க்கு மேலே, ஆள் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது, அந்தக் கல்லில் கையில் விளக்கேந்திய ஒரு பெண் இருக்கிறாள், அவள் காலடியில் கொஞ்சம் எழுத்து இருக்கிறது, மாசி மாதம் வந்தால் ஊர் கூடி அவளுக்கு மஞ்சள் பூசிப் புடவை சாத்திப் பொங்கல் வைக்கும், மற்ற மாதங்களில் ஆடு மேய்க்கிறவர்கள் அவள் தோளில் துண்டைக் காயப்போடுவார்கள், அதற்கும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தக் கல்லின் வாய்க்கால் பக்கத்திலிருந்து, சர்வேயர் திருஞானம் எழுதிய சரித்திர நாவல் வெளியான ஞாயிற்றுக்கிழமை, வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்தில், ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

முதல் நாள் தேடினார்கள். எந்தப் பாவி மகளோ பெற்றுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடினார்கள், ஆண்கள் வாய்க்காலில் இறங்கிக் கோரைப்புல்லை விலக்கிப் பார்த்தார்கள், போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கல்லுக்குக் கிட்டே போகப் போக அழுகை மடியில் கிடக்கிற குழந்தையின் அழுகை மாதிரி அவ்வளவு பக்கத்தில் கேட்டது, கையை நீட்டினால் காற்றுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக நின்றது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி அழுதது, அதற்கு மறுநாளும் அழுதது, அந்த வாரம் முடிவதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது.

பழகிவிட்டது என்றால், டியூஷன் வாத்தியார் அழுகை கேட்டால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார், டீக்கடையில் சாயங்காலப் பாலை அடுப்பில் ஏற்றினார்கள், கடைசி பஸ்ஸின் டிரைவர் "பிள்ளை அழுதாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார், வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் கரையில் சமுக்காளம் விரித்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள், அவர்களுக்கு வேர்க்கடலை விற்கவும் ஆள் வந்தாயிற்று. நூலகத்தில் மாதம் ஒரு முறை கூடுகிற வாசகர் வட்டத்துக்காரர்களோ அதைப் புத்தகத்துக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். "கல்லே அழுகுதுய்யா உங்க எழுத்துக்கு" என்று மருந்துக்கடை சொக்கநாதன் திருஞானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். திருஞானம் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து நிலம் அளந்தே வயசைக் கழித்தவர் அவர், தன்னுடைய ஊருக்குப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து எழுதிய ஒரே புத்தகம், 'கல்மடைத் திருமகள்'.

புத்தகத்தின் கதை ஊருக்குத் தெரிந்த கதைதான். ஒரு காலத்தில் கண்மாய்க் கரை எத்தனை தடவை கட்டினாலும் மடையிருக்கிற இடத்தில் உடைத்துக்கொண்டே இருந்ததாம், உயிர் கொடுத்தால் நிற்கும் என்று குறி சொன்னார்களாம், அப்போது பிள்ளை பெற்ற ஈரம் காயாத ஒரு மருமகள் தன் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு விளக்கோடு சிரித்துக்கொண்டே உடைப்புக்குள் இறங்கினாளாம், அவளுக்கு மேலே கல்லை அடுக்கினார்களாம், அன்றைக்கு நின்ற கரை இன்றைக்கும் நிற்கிறது. அவள் வாழ வந்த வீட்டுக்கு மடைவீடு என்று பேர். மாசிப் பொங்கலில் முதல் மரியாதை அந்த வீட்டுக்கு, முதல் தேங்காய் அந்த வீட்டுக்கு, அந்தப் புடவையும் கல்லிலிருந்து எடுத்த பிறகு அந்த வீட்டுப் பெண்ணுக்கு.

அந்த வீட்டுக்குத்தான் நாகஜோதி மருமகளாக வந்திருந்தாள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், வந்த புதிதில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றதால் ஊமைச்சி என்றே கொஞ்ச நாள் நினைத்தார்கள், புருஷன் முனியராஜ் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான், வீட்டில் மாமியார் மாரிக்கண்ணுவும் அவளும் அவளுடைய கைக்குழந்தையும்தான். பெண் குழந்தை, இன்னும் குப்புற விழவில்லை, பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

அழுகை கேட்டதிலிருந்து ஊரில் பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு மட்டும் ஒன்று நடந்தது. அதை ஆண்கள் கவனிக்கவில்லை, வயசான பெண்கள் கவனித்தும் பேசவில்லை. கல்லடியில் பிள்ளை வாய் திறந்ததும் இவர்களுக்கு மார் கடுத்தது, நிறுத்த முடியாமல் பால் இறங்கியது, ஜாக்கெட்டும் முந்தானையும் நனைந்து சொட்டியது, சொட்டிய மறு நிமிஷம் துணி வெயிலில் கிடந்தது போலக் காய்ந்து மொடமொடத்தது, பால் வாசனைகூட அதில் மிஞ்சவில்லை. பால் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"உனக்கும் போச்சாடி?" என்று அடுத்த வீட்டு பர்வீன் மதில் மேல் தலையை நீட்டினாள். அவளுக்கும் மடியில் ஒன்று இருந்தது.

"போச்சுக்கா."

"தொழுவுற பாயில உக்காந்தாலும் விட மாட்டேங்குதுடி. எந்த ராஜா காலத்துப் பிள்ளையோ, எங்க வீட்டுப் பாலைக் குடிச்சுக்கிட்டு. சாதி மதம் பாக்கல பாரு, அதுவரைக்கும் நல்ல பிள்ளைதான்."

நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் உள்ளே பாப்பா சிணுங்கியது, போய் மடியில் போட்டால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஒன்றும் வராமல் அது அவள் முகத்தைப் பார்த்தது. அழக்கூட இல்லை, பார்த்தது. பூண்டு வதக்கிச் சாப்பிட்டாள், வெந்தயக் கஞ்சி குடித்தாள், பால்சுறாப் புட்டு பண்ணிச் சாப்பிட்டாள், ஊறியதெல்லாம் சாயங்காலம் ஒரே இழுப்பில் கண்மாய்க் கரைக்குப் போனது. டப்பாப் பால் கரைத்துக் கொடுத்தால் பாப்பா குடித்ததையெல்லாம் கக்கியது. நர்ஸம்மா வந்து தொட்டிலில் போட்டு எடை பார்த்தார், முள்ளைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தடவை எடை பார்த்தார், "இப்படியே போனா சரியா வராதும்மா, பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும்" என்றார்.

மாரிக்கண்ணு கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கெட்டவள் இல்லை, பிரசவத்தின்போது மருமகளின் கால் பிடித்துவிட்டவள். ஆனாலும் நர்ஸம்மா போனதும் சொன்னாள், "அங்க அழுகிறதும் நம்ம வீட்டுப் பிள்ளைதானடி. உன் மாமனாரு, அவரு பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் அந்தப் பிள்ளை வழிதான். அது குடிச்சாத்தான் என்ன இப்ப? தெய்வம் வந்து கேக்குது, இல்லேம்பியா?"

இதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே அத்தே என்று நாகஜோதிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. அவளுக்கு எதுவுமே நாக்கு வரைக்கும்தான் வரும்.

அந்தக் குழந்தை எதற்காக அழுகிறது என்று தெரிந்தால் நிறுத்த ஒரு வழி கிடைக்கும் என்று நினைத்தாள். ஊரில் யாரிடம் கேட்டாலும் "புஸ்தகத்துல எல்லாம் இருக்கு" என்றார்கள். புத்தகம் வீட்டிலேயே இருந்தது. மடைவீட்டுக்கென்று திருஞானம் வெளியிட்ட அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்ததை மாரிக்கண்ணு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள், ஒரு பக்கம் பிரித்ததில்லை. மாமியார் மத்தியானம் கண்ணயர்ந்ததும் நாகஜோதி கையைக் கழுவிக்கொண்டு அதை எடுப்பாள், பாப்பாவை மடியில் போட்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டி உதட்டை அசைத்து வாசிப்பாள்.

ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது, பிறகு பிடித்துப்போயிற்று. யானை கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்க இறங்குகிற இடத்தில் அவளுக்குச் சேற்று வாசனையே அடித்தது. ராஜா குதிரையிலிருந்து இறங்குகிறதற்கு எட்டுப் பக்கம் ஆனது, ஆகட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். கடைசியில் அவள் தேடிய இடம் வந்தது. 'புன்னகை மாறாத முகத்தினளாய், மாந்தளிர் நிறப் பட்டுடுத்தி, செவ்வந்தி சூடி, பொற்சுடர் விளக்கேந்தி, மகவை மாமியின் கரத்தில் அளித்து, அவள் நடந்தாள்' என்று எழுதியிருந்தது. பிள்ளையைப் பற்றி அந்த நான்கு வார்த்தைதான். நாகஜோதி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எச்சில் தொட்டுப் பிரித்தும் பார்த்தாள். தாள் சரியாகத்தான் இருந்தது.

அதற்குள் இன்னொன்றும் அவளுக்குப் பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் 'சிரித்தபடி சென்ற தாய்' என்று பேச்சுப்போட்டி வைத்து, பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக்கில் ஏறி அவள் எப்படியெல்லாம் சிரித்தாள் என்று சொன்ன அன்றைக்கு, சாயங்கால அழுகை சோறு தின்கிற நேரம் வரைக்கும் நிற்கவில்லை, பர்வீன் மயங்கி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், பாப்பாவின் உதடு காய்ந்து தோல் உரிந்தது. மழை பெய்து யாரும் வெளியே வராமல், கருத்து சொல்ல ஆளில்லாமல் கிடந்த நாட்களில் அழுகை சீக்கிரம் ஓய்ந்தது. ஊர் அவளைப் புகழப் புகழக் கல்லடிக் குழந்தைக்குப் பசி ஏறுகிறது. மாசக் கடைசியில் வாசகர் வட்டத்தில் பெரிய கூட்டம் போடுகிறார்கள், எல்லோருடைய கருத்தையும் கேட்டு, 'சிரித்த முகத்தோடு உயிர் கொடுத்தாள்' என்று பளிங்குக் கல்லில் வெட்டி மடையில் பதிக்கத் தீர்மானம் போடப் போகிறார்கள் என்று பர்வீன் வந்து சொன்னாள். வாயால் சொன்னதற்கே இத்தனை அழுகை என்றால் கல்லில் வெட்டி வைத்துவிட்டால் அது எப்போது நிற்கும், அதுவரைக்கும் பாப்பா இருக்குமா என்று நாகஜோதி நினைத்தாள்.

புருஷனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம். "எங்கம்மா கிட்டச் சொல்லு ஜோதி" என்றான். சொன்னேன் என்றாள். "அப்ப வாசகர் வட்டத்துல சொல்லு, எனக்கு ஷிப்டு" என்று அவன் ஏதோ வேடிக்கைக்குச் சொல்லிவிட்டு வைத்தான். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்தன்றைக்கு நூலகத்தில் நாற்காலி போதாமல் பெஞ்சு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மடைவீட்டு அம்மா என்று மாரிக்கண்ணுவை உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசியாக, பேப்பர் தொங்கவிடுகிற ஸ்டாண்டுக்குப் பின்னால், பாப்பாவோடு நாகஜோதியும் அவளை இழுத்து வந்த பர்வீனும் உட்கார்ந்தார்கள்.

சொக்கநாதன் எழுந்து ஆரம்பித்தார். "இந்தப் புஸ்தகத்தைப் படிச்சு முடிச்சுட்டு மனசு கனத்துப்போய் ரெண்டு நாள் நான் கடையே திறக்கல."

"அன்னைக்குக் கடையில வெள்ளையடிச்சீங்கண்ணே, அதான் திறக்கல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

வரலாறு படிக்கிற ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். "சார், மூணாவது அத்தியாயத்துல அம்மியில மிளகாய் அரைக்கிறாங்க. அந்தக் காலத்துல நம்ம நாட்டுக்கு மிளகாயே வரல சார்."

"அடுத்த பதிப்புல மிளகுன்னு மாத்திடுறேன்மா" என்றார் திருஞானம் பணிவாக.

"நாவலை நாவலாப் படிக்கணும்மா" என்றார் டியூஷன் வாத்தியார். "உண்மை வேணும்னா அரசாங்க கெசட்டை வாங்கிப் படி. இது நம்ம ஊருக்கு ஒரு அந்தஸ்து. இனிமே பக்கத்து ஊர்க்காரன் வாயத் திறப்பானா?"

"ராஜா வர்ற இடம் கொஞ்சம் இழுவைதான். ஆனா அவ இறங்குற இடம் இருக்கே, அடடா" என்றார் பெட்டிக்கடை வைத்திருக்கிற ஒருவர். "சிரிச்சுக்கிட்டே போறாய்யா. எங்கம்மா நெனப்பு வந்துருச்சு."

ஒவ்வொருவரும் அவள் சிரித்ததைச் சொன்னார்கள், ஒவ்வொருவர் சொல்லும்போதும் நாகஜோதிக்கு மார் கடுத்துக்கொண்டு வந்தது, இன்னும் விளக்கு வைக்கிற நேரமே ஆகவில்லை. நூலகர் கஸ்தூரி கூட்டத்தைப் பார்த்து, "கல்லுல வெட்டுற வாசகம் பத்தி வேற யாராவது கருத்து சொல்றீங்களா? பெண்கள் பக்கத்துல யாராவது?" என்று கேட்டார். பர்வீன் நாகஜோதியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அந்த வலியில் எழுந்தவள்தான், எழுந்த பிறகு எல்லா முகமும் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துப் பாப்பாவின் தலையை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா."

"அந்தப் பொம்பள, மடைக்குள்ள போறதுக்கு முன்னாடி, பிள்ளைக்குப் பால் குடுத்தாளா?"

யாரோ கனைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். "உக்காருடி, சபையில மானத்தை வாங்காத" என்று மாரிக்கண்ணு திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "காவியம்மா இது. இதுல போய்ப் பாலு, தாலாட்டுன்னு..." என்று சொக்கநாதன் இழுத்தார்.

"இருங்க, அந்தப் பிள்ளை கேக்கட்டும்" என்றார் திருஞானம்.

நாகஜோதி அவரைப் பார்த்தே பேசினாள், வேறு யாரைப் பார்த்தாலும் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. "புஸ்தகம் நல்லா இருக்குங்கய்யா. யானை தண்ணி குடிக்க வர்ற இடமெல்லாம் கண்ணுல தெரிஞ்சுச்சு. அவ என்ன கலர்ல பட்டு கட்டியிருந்தா, என்ன பூ வச்சிருந்தா, எல்லாம் எழுதியிருக்கீங்க. பால் குடுத்தாளான்னு மட்டும் இல்ல. நான் தெருமுனைக்குச் சோப்பு வாங்கப் போறதுன்னாக்கூட இதுக்குக் குடுத்துட்டுத்தாங்கய்யா போவேன். பட்டு கட்டிப் பூ வச்சு விளக்கேத்த நேரம் இருந்தவளுக்குப் பிள்ளையை மடியில போட நேரம் இருந்திருக்காதா? தானா கிளம்புறவ குடுக்காமப் போவாளா? குடுத்திருந்தா அது தூங்கியிருக்கும். கரையில அழுகிறது பசிச்ச பிள்ளை அழுகைங்கய்யா. பால் குடுக்கிற யாரை வேணா கேளுங்க."

"ஆமா" என்றாள் பர்வீன் உட்கார்ந்தபடியே. இன்னும் எங்கெங்கோ உட்கார்ந்திருந்த தாய்மார்கள் இரண்டு மூன்று பேரும் தரையைப் பார்த்தபடி ஆமாம் என்றார்கள்.

"அப்ப என்னதான்மா சொல்ல வர்ற?" என்று பெட்டிக்கடைக்காரர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டது போலிருந்தது.

பாப்பா முந்தானைக்குள் வாயால் துழாவியது. திருஞானம் எழுந்து நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கல்லுல கடைசி எழுத்து இல்ல" என்றார். "'மடைக்கு உயிர் குடுத்தா' வரைக்கும்தான் இருக்கு, அதுக்கப்புறம் கல்லு பேந்துபோச்சு. நாம பேசுற பேச்சுல 'குடுத்தா'ன்னு சொன்னாலே 'அவ குடுத்தா'ன்னுதான் காதுல விழும். அதனால ஊரே காலங்காலமா அப்படியே வாசிச்சுது, நானும் அப்படித்தான் வாசிச்சேன். எழுதுறப்ப 'ள்' போட்டு முடிச்சேன்."

"ள் இல்லேன்னா என்ன சார் வரும்?" கல்லூரிப் பெண் கேட்டாள்.

"ர் வரலாம். குடுத்தார்னு. அந்தக் காலத்துக் கல்லுல அப்படி நிறைய வரும். பல பேர் கூடி ஒண்ணைக் குடுத்தா அப்படித்தான் வெட்டுவாங்க."

மாரிக்கண்ணு எழுந்தாள், சால்வை நழுவித் தரையில் விழுந்தது. "எங்க வீட்டைச் சொல்றீங்களா? எங்க வீட்டு மருமகளை நாங்களே பிடிச்சுத் தள்ளினோம்கிறீங்களா? இத்தன வருசமா முதத் தேங்கா வாங்கினது அதுக்காகவா?"

"நான் கல்லைச் சொன்னேன்மா" என்றார் திருஞானம். "கல்லு எடுத்து அடுக்கினது ஊரு. உங்க வீடு மட்டுமில்ல."

அப்போது கரையில் பிள்ளை அழ ஆரம்பித்தது.

நூலகத்திலிருந்து கண்மாய்க்கரை பார்க்கிற தூரம்தான். யாரும் எழுந்திருக்கவில்லை, பழக்கப்பட்ட அழுகையை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்கிறவர்கள் போலக் கேட்டார்கள், மூச்சுப் பிடித்து அழுது, நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று பார்த்து, மறுபடி அழுகிற அழுகை. நாகஜோதி மாரோடு முந்தானையை அழுத்திக்கொண்டாள். பால் இறங்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் கல்லின் மறுபக்கத்திலிருந்து, கரைக்கு உள்ளேயிருந்து, மண்ணும் கல்லும் மூடிய இடத்திலிருந்து, ஒரு பெண்ணின் குரல் வந்தது. அதில் தெய்வம் ஒன்றும் இல்லை, செவ்வந்தியும் பட்டும் இல்லை, சின்ன வயசுப் பெண்ணின் குரல், கத்திக் கத்தித் தொண்டை கட்டிய குரல்.

"அத்தே! விடுங்கத்தே! மாமா! கொழுந்தனாரே, கையை விடுங்க, கை வலிக்குது! பிள்ளை முழிச்சுக்கிட்டான் மாமா, பசிக்கும் மாமா! குடுத்துட்டு வந்துடுறேன்! ஒரு தடவை குடுத்துட்டு வந்துடுறேன், சத்தியமா வந்துடுறேன்! அண்ணே! சித்தப்பா! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! மதினி! அத்தே!"

பேர் சொல்லி அவள் யாரையும் கூப்பிடவில்லை. முறை சொல்லித்தான் கூப்பிட்டாள். கல்மடையூரில் மாமா இல்லாத ஆண் யார், அத்தை ஆகாத பெண் யார், கொழுந்தனாகவோ சித்தப்பாவாகவோ இல்லாதவன் யார்? அதனால் கூப்பிட்டது ஒவ்வொருவர் காதிலும் தன்னைக் கூப்பிட்டதாகவே விழுந்தது, பெட்டிக்கடைக்காரர் "ஆ" என்று பதில் கொடுக்கப் போய் வாயைப் பொத்திக்கொண்டார், சொக்கநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், டியூஷன் வாத்தியார் ஜன்னலைச் சாத்தினார், சாத்தியும் கேட்டது, டீக்கடையிலும் கேட்டது, பஸ்ஸிலும் கேட்டது, கரையில் சமுக்காளம் விரித்திருந்த வெளியூர்க்காரர்கள் அதைச் சுருட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள்.

தாயின் குரல் கேட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது.

நாகஜோதி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பாப்பாவை மடியில் போட்டாள். பால் அவளிடமே இருந்தது. பாப்பா முதலில் நம்பாமல் இழுத்தது, அப்புறம் மூச்சு முட்ட முட்ட விழுங்கியது, விழுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது, அவள் கூச்சப்படவில்லை. பர்வீன் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவின் உள்ளங்காலை விரலால் தடவிக்கொண்டே அழுதாள்.

பளிங்குக் கல் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. புத்தகத்தைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினார்கள், இரண்டு பேர் நூலகத்துக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள், ஒருவர் திருஞானத்தின் வீட்டு வாசலில் நின்று, நல்லா இருந்த கதையைக் கெடுத்துட்டீங்களே என்று சண்டை பிடித்தார், நல்லா இருந்துச்சா என்று திருஞானம் திருப்பிக் கேட்டார். நாகஜோதியைக் குழாயடியில் சில பேர் பார்த்தும் பாராமல் போனார்கள். ஊமைச்சியாகவே இருந்திருக்கலாம் என்று ஒருத்தி அவள் காதுபடச் சொன்னாள்.

குரல் மட்டும் நிற்கவில்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தது, பிள்ளையின் அழுகைக்குப் பழகிய ஊரால் இதற்குப் பழக முடியவில்லை, அந்த நேரத்தில் டிவியைச் சத்தமாக வைத்தார்கள், மிக்ஸியை ஓடவிட்டார்கள், கோயில் மணியை விடாமல் அடிக்க ஓர் ஆளைப் போட்டார்கள். மடைவீட்டிலும் மாரிக்கண்ணு கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள், மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சோறு வைத்தால் தின்றாள், அவ்வளவுதான். சாமி அலமாரியிலிருந்த புத்தகத்தை எடுத்துத் தூர எறியவும் இல்லை, அதற்குக் கற்பூரம் காட்டவும் இல்லை.

ஆடி பிறந்து காற்று ஆரம்பித்த ஒரு சாயங்காலம், நாகஜோதி பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், அது இப்போது குடித்துக்கொண்டே அவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிற அளவுக்குத் தேறியிருந்தது. கரையில் குரல் ஆரம்பித்தது. தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மாரிக்கண்ணு பாயிலிருந்து எழுந்தாள், கொண்டையை முடிந்துகொண்டாள், தாழை நீக்கிக் கதவை அகலத் திறந்துவிட்டு வாசலைக் கடந்து நடுத்தெருவில் போய் நின்றாள். காற்று அவளுடைய சேலையை ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போனது.

"அத்தே! விடுங்கத்தே!" என்றது குரல்.

"சொல்லுத்தா" என்றாள் மாரிக்கண்ணு, கண்மாய்ப் பக்கம் பார்த்து. "கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."